மண்ணுக்குள் போன எண்ணெயும் கணக்குக்கு வராத இழப்பும்

(நமது சங்கத்தின் மும்பை மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் ஒரு பழைய மாட்டுப் பண்ணை நிலத்தில் எண்ணெய் ஊறியது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில தோழர்கள் சிரித்தார்கள். "அங்கே எண்ணெய் ஊறினால் சயான் கோலிவாடாவில் இருக்கிற நமக்கு என்ன?" என்றார்கள். நியாயமான கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம்மவர்களில் பலர் எங்கே குடியிருக்கிறோம்? வடாலா, சிவ்ரி, ஆண்டாப் ஹில், செம்பூர், மாஹுல். எண்ணெய்க் கிடங்கு ஒரு பக்கம், சுத்திகரிப்பு ஆலை ஒரு பக்கம், பூமிக்கடியில் பைப்லைன், தெருவில் வரிசையாக டேங்கர் லாரி. இவற்றுக்கு நடுவில்தான் நமது குடித்தனம். மண்ணுக்குள் எண்ணெய் போனால் அதை யார் கண்டுபிடிப்பது? யார் தோண்டி எடுப்பது? தோண்டிய மண் யார் வீட்டு வாசலுக்குப் போவது? இந்த மூன்று கேள்விக்கும் அங்கே கிடைத்த பதில்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு இதே கேள்விகள் இங்கே வரும்போது, முதல் வகுப்புப் பிள்ளையைப் போல நாம் விழிக்கக் கூடாது.

பண்ணை எண்ணெய் வயல் ஆன கதை

கலிபோர்னியா மாநிலத்தின் கடற்கரையில் குவாடலூப் என்று ஒரு சிற்றூர். ஊருக்குப் பெயர் வந்ததே ஒரு பண்ணையால்தான். அந்தப் பிரதேசம் மெக்சிகோவின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1840ல், கவர்னர் ஆல்வராடோ இரண்டு பேருக்கு மானியமாக எழுதிக் கொடுத்த மேய்ச்சல் நிலம் அது. 43 ஆயிரம் ஏக்கருக்கு மேல். இப்படிப்பட்ட பெரும் பண்ணையை அங்கே ராஞ்ச் என்பார்கள். மானியம் கொடுப்பதற்கு முன் அந்த மண் யாருடையது? சூமாஷ் என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை. இன்று அந்த ஊரில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். காய்கறி வயல்களில் உழைப்பவர்கள். பிழைக்கப் போன மக்கள் என்றால் என்ன என்பதை இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஊருக்கு மேற்கே கடலோரமாக மணற்குன்றுகள். 1923ல் 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' என்ற ஊமைப் படத்துக்காக டைரக்டர் செசில் டிமில் அங்கே ஒரு எகிப்திய நகரத்தையே செட் போட்டார். படப்பிடிப்பு முடிந்ததும் அதை அங்கேயே மணலில் புதைத்துவிட்டுப் போனார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, சிங்க உடம்பும் மனிதத் தலையுமான பொம்மைகளை அந்த மணலிலிருந்து தோண்டி எடுத்தார்கள். ஆனால் அந்த மணல் மூடி வைத்தது சினிமா செட்டை மட்டுமல்ல.

1940களின் கடைசியில் அங்கே எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள். பிற்காலத்தில் யூனோகால் என்று பெயர் பெற்ற கம்பெனி அதை நடத்தியது. அங்கே கிடைத்த கச்சா எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி கெட்டியானது. குழாயில் தானாக ஓடாது. அதை இளக்குவதற்காக மண்ணெண்ணெய், டீசல் போன்ற ஒரு மெல்லிய எண்ணெயைக் கிணற்றுக்குள் விட்டுக் கலந்தார்கள். டைலூயண்ட் என்று அதற்குப் பெயர். 1950களின் ஆரம்பத்திலிருந்து 1990 வரை இந்த வேலை நடந்தது. அந்த இளக்கெண்ணெய் போகும் குழாய்கள் துருப்பிடித்தன, தொட்டிகள் கசிந்தன. கசிந்தது மணலுக்குள் இறங்கியது, நிலத்தடி நீரின் மேல் மிதந்தது, மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்ந்தது.

எவ்வளவு கசிந்தது? மதிப்பீடு 85 லட்சம் கேலன் முதல் 2 கோடி கேலன் வரை. லிட்டரில் சொன்னால் சுமார் 3 கோடியே 20 லட்சம் முதல் 7 கோடியே 50 லட்சம் வரை. ரயில்வேக்காரன் கணக்கில் சொல்கிறேன். ஒரு டேங்க் வேகனில் ஏறத்தாழ 70 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். அப்படியானால் குறைந்த மதிப்பீட்டுக்கே 460 வேகன். அதிக மதிப்பீட்டுக்கு 1,080 வேகன். 50 வேகன் கொண்ட ரயில் ஒன்பதிலிருந்து இருபத்திரண்டு வரை, எஞ்சினோடு கார்டோடு வந்து, மணலில் கவிழ்த்துவிட்டுப் போன மாதிரி!

ஒரு ரயில் கவிழ்ந்தால் ஊரே கூடும். மந்திரி வருவார், விசாரணை வரும், பத்திரிகையில் படம் வரும். 1989 மார்ச்சில் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டீஸ் என்ற கப்பல் தரைதட்டி 1 கோடியே 10 லட்சம் கேலன் கச்சா எண்ணெய் கொட்டியபோது உலகமே பார்த்தது. எண்ணெயில் நனைந்த பறவையின் படம் வராத பத்திரிகை இல்லை. குவாடலூப்பில் கொட்டியது அதற்கு நெருக்கமான அளவு. ஒருவேளை அதைப்போல் இரண்டு பங்கு. ஆனால் கப்பல் இல்லை, சத்தம் இல்லை, படம் இல்லை. 38 வருஷத்துக்கு வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 2,300 லிட்டரிலிருந்து 5,400 லிட்டர் வரை. அதாவது தினம் 12 பீப்பாய் முதல் 27 பீப்பாய் வரை. தினமும் நடப்பதை யாரும் விபத்து என்று சொல்வதில்லை. "எப்போதும் உள்ளதுதான்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

யாருக்குத் தெரியும்?

தோழர்களே, இங்கேதான் நமது விஷயம் வருகிறது.

குழாய் கசிவது அங்கே வேலை செய்த தொழிலாளிக்குத் தெரியும். அலையில் பலகை போட்டு விளையாட வந்த இளைஞர்கள் தண்ணீரில் நாற்றத்தையும் வண்ணப் படலத்தையும் பார்த்தார்கள். எல்லோருக்கும் மேலாக, கணக்கு எழுதியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கம்பெனியும் காசு கொடுத்து வாங்கிய சரக்குக்குக் கணக்கு வைக்காமல் இருக்காது. கிணற்றுக்குள் விட்டது இவ்வளவு, கச்சா எண்ணெயோடு திரும்பி வந்தது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. மூன்றையும் கூட்டிக் கழித்தால் துண்டு விழுந்தே தீரும். அந்தத் துண்டுதான் மண்ணுக்குள் கிடந்த எண்ணெய். ஒரு கூடை வெற்றிலை குறைந்தாலே பார்சல் ஆபீசில் பத்து தாள் எழுத வேண்டியிருக்கிறது. ஒன்பது ரயில் எண்ணெய் குறைந்தது எந்தத் தாளில் ஏறியது?

இந்தக் கணக்கை நான் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் பூமிக்கடியில் எரிபொருள் டேங்க் வைத்திருப்பவர்களுக்கான விதியிலேயே கணக்குப் பார்த்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் முறை உண்டு. தினமும் டிப் கம்பி விட்டு அளக்க வேண்டும். வந்தது, விற்றது, இருப்பது மூன்றையும் மாதக் கடைசியில் சரிபார்க்க வேண்டும். வித்தியாசம் ஒரு சதவீதத்தோடு 130 கேலன் என்ற அளவை எட்டினால் கண்டுபிடித்தாக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மாதம் 2 லட்சம் லிட்டர் விற்கிற பங்க்குக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதவீதம் 2,000 லிட்டர். 130 கேலன் என்பது சுமார் 490 லிட்டர். ஆக மாதம் ஏறக்குறைய 2,500 லிட்டர் வரை காணாமல் போனாலும் இந்தக் கணக்குக்குள் அகப்படாது. அதனால்தான் இரட்டைச் சுவர் டேங்க்கும் மின்கருவியும் வந்தன.

அதே விதியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பண்ணைகளில் டிராக்டருக்கும் லாரிக்கும் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் டேங்க் 1,100 கேலனுக்கு மேற்படாவிட்டால் விதி அதைத் தொடாது. 1,100 கேலன் என்றால் 4,000 லிட்டருக்கு மேல்; இருபது பீப்பாய்! அப்படி எத்தனையோ பண்ணைகளில் டேங்க் புதைத்தார்கள். அப்பன் புதைத்தான், பிள்ளை மறந்தான், பேரன் நிலத்தை வீட்டுமனைக்கு விற்கக் கிளம்பியபோதுதான் மண் நாறுகிறது என்று தெரிந்தது. 1980ல் விஷக்கழிவு நிலங்களைச் சுத்தம் செய்ய அமெரிக்கா ஒரு பெரிய சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்திலும் பெட்ரோலியத்துக்கு விலக்கு! சட்டம் எழுதும் மேஜையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

குவாடலூப்பில் 1990ல் இளக்கெண்ணெய் விடுவது நின்றது. விசாரணை வந்தது. 1994ல் கம்பெனி குற்றவழக்கை எதிர்க்கவில்லை என்று சொல்லி 15 லட்சம் டாலர் கட்டியது. 1998ல் சிவில் வழக்கில் 4 கோடியே 38 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஆயிற்று. 2005ல் யூனோகாலை செவ்ரான் வாங்கியது. சுத்தம் செய்யும் கடமையும் அதனிடம் போனது. 38 வருஷம் ஊறவிட்டதைப் பத்து வருஷத்தில் எடுத்து முடிக்க முடியவில்லை.

மண்ணை விசாரிப்பது எப்படி?

போலீஸ் விசாரணை மாதிரியே மண்ணுக்கும் விசாரணை உண்டு. முறை தெரிந்திருந்தால்தான் நாளைக்கு நம்மிடம் வந்து "சோதனை செய்துவிட்டோம், ஒன்றும் இல்லை" என்று சொல்பவனை நாம் குறுக்கே கேள்வி கேட்க முடியும்.

முதலில் காகிதம். பழைய வரைபடம், பழைய ரசீது, விமானத்திலிருந்து எடுத்த பழைய படம். டேங்க் எங்கே இருந்தது, குழாய் எந்த வழியாகப் போனது? பிறகு பழைய தொழிலாளிகளைக் கேட்பார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன் எங்கே கழிவைக் கொட்டினார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது. ஓய்வு பெற்ற ஒரு ஃபிட்டரின் நினைவில் இருக்கும்.

இரண்டாவது, துளை. கைத்துளைப்பானாலோ இயந்திரத்தாலோ துளை போட்டு, இத்தனை அடிக்கு ஒன்று என்று மண் எடுப்பார்கள். எடுத்த மண்ணைக் காற்றுப் புகாமல் அடைத்து, ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் உண்டு. ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான விஷம் அது. அது ஆவியாகிப் பறந்துவிடும் சாதி. மண்ணை வெயிலில் திறந்து வைத்துவிட்டு மறுநாள் சோதித்தால் "மண் சுத்தம்" என்றுதான் பதில் வரும். அதனால் மண்ணோடு கூடவே ஒரு சீட்டுப் போகும். யார் எடுத்தார், எத்தனை மணிக்கு எடுத்தார், யாரிடம் கொடுத்தார், யார் வாங்கினார், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து. நமது பார்சல் வே-பில் மாதிரியேதான். சீட்டில் ஒரு கையெழுத்து விட்டுப் போனால் அந்தச் சோதனை கோர்ட்டில் நிற்காது.

மூன்றாவது, கண்காணிப்புக் கிணறு. எரிபொருள் தண்ணீரைவிட இலேசு. ஆகவே நிலத்தடி நீரின் மேல் பால் ஆடை போல் மிதக்கும். பல இடத்தில் சிறு கிணறுகள் இறக்கி, ஆடை எவ்வளவு கனம், எந்தத் திசையில் நகர்கிறது என்று மாதா மாதம் அளப்பார்கள். மழைக்காலத்தில் நீர் ஏறும், கோடையில் இறங்கும். எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி மண்ணில் பூசிக்கொண்டே போகும். ஆகையால் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு இடத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிற தீர்ப்பு தீர்ப்பே அல்ல. குவாடலூப்பில் இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் மணலுக்கடியில் ஒன்றல்ல, பத்தல்ல, பல பத்து எண்ணெய்க் குட்டைகள் தனித்தனியாகக் கிடப்பதைக் கண்டார்கள்.

தோண்டுவது யார்? மண் போவது எங்கே?

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? சிறிய இடமானால் தோண்டி எடுப்பதே சுருக்கமான வழி. குழியின் அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் மண் எடுத்துச் சோதிப்பார்கள். சுத்தம் என்று பதில் வருகிற வரை தோண்ட வேண்டும். வாரிய மண்ணைப் பிளாஸ்டிக் விரிப்பில் கொட்டி மூடி வைக்க வேண்டும். மழை பட்டால் மறுபடியும் ஒழுகும். பிறகு எடை போட்டு, சீட்டுப் போட்டு, லாரியில் ஏற்றி, அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பி, நல்ல மண் கொண்டுவந்து குழியை நிரப்ப வேண்டும். வேறு வழிகளும் உண்டு. மண்ணைப் பரப்பி உழுது, உரம் தூவி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே எண்ணெயைத் தின்ன விடலாம். பூமிக்குள் குழாய் இறக்கி ஆவியை உறிஞ்சலாம். மிதக்கும் எண்ணெயை பம்ப் வைத்து எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் காலம் வேண்டும், காசு வேண்டும்.

குவாடலூப்பில் இன்னொரு சிக்கல். அந்த மணற்குன்றுகள் உப்புக்கொத்திப் பறவை முட்டையிடும் இடம். தோண்டினால் குன்று போகும், செடி போகும், கூடு போகும். தோண்டாவிட்டால் எண்ணெய் கடலுக்குப் போகும். எங்கே தோண்டுவது, எங்கே விட்டுவைப்பது என்பதே பெரிய தர்க்கமாயிற்று. வாரிய மண்ணில் பெருமளவு எங்கே போயிற்று? பக்கத்து நகரமான சாண்டா மரியாவின் குப்பைக் கிடங்குக்கு. குப்பைக்கு மேல்மூடியாக அதைப் போட்டுக்கொள்ள நகராட்சி பணம் வாங்கிக்கொண்டு சம்மதித்தது. சட்டப்படி அது ஆபத்தான கழிவு அல்ல என்று வகைப்படுத்திய மண்தான். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். மண்ணை அகற்றினார்கள் என்றால் மண் மறைந்துவிட்டது என்று அர்த்தமல்ல. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போயிற்று.

அதே கடலோரத்தில் அவிலா பீச் என்ற கடற்கரைக் கிராமம். அதே கம்பெனியின் குழாய்கள் குன்றின் மேல் இருந்த கிடங்கிலிருந்து கடல் பாலம் வரை ஊருக்கடியில் போயின. கசிந்தன. 1989ல் ஒருவர் தம் இடத்தில் அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோது எண்ணெய் தலைகாட்டியது. 1998ல் உடன்பாடு ஆகி, தோண்ட ஆரம்பித்தார்கள். எதைத் தோண்டுவது? ஊரையே! கடற்கரைத் தெருவில் இருந்த கடைகளையும் வீடுகளையும் இடித்துத் தள்ளி, அடியிலிருந்த மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். புதிய தெரு வந்தது, புதிய கட்டிடம் வந்தது. மண் சுத்தமாயிற்று. ஆனால் பழைய வாடகைக்குக் குடியிருந்த எளியவர்களுக்குப் புதிய கட்டிடத்தில் இடம் எப்படிக் கிடைக்கும்? சுத்தம் செய்வதிலும் வர்க்கம் இருக்கிறது, தோழர்களே! மண்ணைச் சுத்தம் செய் என்று கேட்கும்போதே மனிதனை எங்கே வைப்பாய் என்றும் கேட்டாக வேண்டும்.

நம் பக்கம் வருவோம்

இது கடல் தாண்டிய கதை மட்டுமல்ல. சென்னை தண்டையார்ப்பேட்டையை அறியாதவர் இங்கே இல்லை. 2013ல் அங்கே தெருக்களில் கிணற்றிலும் போரிலும் தண்ணீர் இறைத்தால் எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து தண்டையார்ப்பேட்டை கிடங்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் பாரத் பெட்ரோலியம் குழாயில் கசிவு. முதலில் கண்டுபிடித்தது யார்? எந்த மீட்டரும் அல்ல, எந்த அதிகாரியும் அல்ல. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போன தாய்மார்கள்! விஷயம் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வரை போயிற்று. ஆனால் வீட்டோடு வீடு ஒட்டிக்கிடக்கும் அந்தத் தெருக்களில் எங்கே குழி வெட்டுவது? மண்ணுக்குள் எண்ணெய் போக ஒரு துளி ஓட்டை போதும். வெளியே எடுக்கத்தான் ஊர் போதாது.

2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் உடைந்து வயலில் எண்ணெய் வந்தது. கலெக்டர் நேரில் வரட்டும் என்று ஊர் மக்கள் உட்கார்ந்தார்கள். வந்தது தடியடி. கைதானவர்கள் வாரக்கணக்கில் சிறையில் இருந்தார்கள். குழாய் உடைந்ததற்கு யார் சிறைக்குப் போனார்? மண்ணில் எண்ணெய் இருக்கிறது என்று சொன்னவன்தான் போனான்.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த நிலங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டிருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியல் போட வேண்டும். பொதுமக்கள் புகார் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். அதன்பின் விரிவான ஆய்வு. கெடுத்தவன் செலவு கொடுக்க வேண்டும். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஆய்வுக்கு நாள் குறித்தவர்கள், சுத்தம் செய்து முடிக்க நாள் குறிக்கவில்லை. அந்த விதிகள் வந்த சமயத்தில் நாடு முழுவதும் அடையாளம் கண்டிருந்த இடங்கள் 103; சுத்தம் செய்யும் வேலை தொடங்கியிருந்தது ஏழு இடத்தில்.

நமது சிவ்ரி, வடாலா பக்கம் துறைமுக நிலத்தைப் புதிதாக மாற்றி அமைக்கும் திட்டங்கள் பல வருஷங்களாகப் பேசப்படுகின்றன. பழைய கிடங்கு இருந்த இடத்தில் நாளைக்குப் பூங்கா வரலாம், மாடி வீடு வரலாம், குடிசைக்கு மாற்றாக நம்மையே கொண்டுபோய் வைக்கவும் செய்யலாம். அன்றைக்கு மண்ணைத் தோண்டப் போவது யார்? காண்ட்ராக்டரிடம் நாள்கூலிக்குப் போகும் நம் பையன்தான். எண்ணெய் ஊறிய குழிக்குள் ஆவி தேங்கும். அதில் ஒரு பீடி நெருப்புப் போதும். நெருப்புப் பிடிக்காவிட்டாலும் மூச்சில் பென்சீன் போகும். அங்கே குழியில் இறங்குவதற்கு முன் காற்றைக் கருவி வைத்து அளக்கிறார்கள். முகமூடி, கையுறை, பூட்ஸ் போடாமல் விடுவதில்லை. இங்கே வெறுங்காலோடு கூடையைக் கொடுத்து இறக்கிவிடுவார்கள். "நாற்றம் அடிக்கிறதே" என்று கேட்டால் "மறுநாள் வராதே" என்பார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஆகையால் தோழர்களே, பேச்சோடு நிறுத்தாமல் நான்கு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று. நமது ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். கிணற்றில், சாக்கடையில், அஸ்திவாரக் குழியில் எண்ணெய் நாற்றமோ படலமோ தெரிந்தால் தேதி, மணி, இடம், பார்த்தவர் பெயர் எல்லாம் அதில் ஏற வேண்டும். மாதா மாதம் அதன் நகலை நகராட்சி வார்டு ஆபீசுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்க வேண்டும். ரசீது இல்லாத புகார் கொடுக்காத புகார். இந்த நோட்டை எழுதத் தாய்மார்கள் முன்வர வேண்டும். நாற்றத்தை முதலில் அறிகிறவர்கள் அவர்கள்தான்.

இரண்டு. கிடங்கிலோ பங்க்கிலோ வேலை செய்கிற நம் தோழன் கசிவைப் பார்த்தால், அவன் தன் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டாம். சங்கத்தின் தாளில், செயலாளர் கையெழுத்தில் போகட்டும். தனியாளாகச் சொன்னால் அவனை நிறுத்துவார்கள். சங்கத்தை எந்த கேட்டில் நிறுத்துவார்கள்? குவாடலூப்பில் கசிவைப் பார்த்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சொன்னால் வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம், எப்போதும் உள்ளதுதான் என்ற பழக்கம் ஒரு பக்கம் இருக்கும்போது, கசிவு 38 வருஷம் ஓடுவதில் ஆச்சரியம் என்ன?

மூன்று. பழைய எண்ணெய் நிலத்தில் எந்தக் கட்டிடம் வந்தாலும், யாரைக் குடிவைத்தாலும், முதலில் மண் சோதனை. அதன் முடிவை மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் அந்த இடத்திலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். எத்தனை துளை போட்டார்கள், எத்தனை அடி ஆழம், எந்த மாதம் எடுத்தார்கள் என்று எல்லாம் இருக்க வேண்டும்.

நான்கு. தோண்டும் தொழிலாளிக்குக் கருவியும் காப்பும் ரத்தப் பரிசோதனையும் கம்பெனி செலவில். தோண்டிய மண் எந்த ஊருக்குப் போகிறது என்று லாரி கிளம்பும் முன் சொல்ல வேண்டும். நம் தெருவிலிருந்து எடுத்து, தேவ்னார் பக்கத்திலோ தானே பக்கத்திலோ இன்னொரு ஏழையின் தெருவில் கொட்டுவதற்கு நாம் சம்மதம் கொடுக்க முடியாது. அங்கே இருப்பவன் மராத்தியாக இருக்கலாம், பீகாரியாக இருக்கலாம். அவனும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவன். அவனையும் சேர்த்துக்கொண்டுதான் இந்த நோட்டை எழுத வேண்டும்.

முதல் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, கோடு போட்டு, பக்க எண் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வடாலா கிளைத் தோழர்கள் மேடைக்கு அருகே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றக் கிளைகள் அடுத்த கூட்டத்துக்குள் தங்கள் நோட்டைத் தொடங்கிவிட வேண்டும்.